திறந்த நேரம், நின்ற நேரம்

"மறுபடியும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

"அப்ப உங்கப்பா பொய் சொல்லல."

"பொய்னு யாரும்மா சொன்னா?"

"நீ சொல்லல. ஆனா நம்பவும் இல்ல. மூணு வாரமா போன்ல ஒரே பாட்டு. 'அது ஒண்ணுமில்லப்பா, பத்து நிமிஷம் எதையும் தொடாம இருங்க, அப்பவும் வரலைனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.' பக்கத்துல நின்னு நானும் கேட்டுட்டுதானே இருந்தேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் அப்பாவின் மெயில் பாதி திறந்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் போலாகி, அப்படியே நின்றது. நடுவில் ஒரு சிறிய வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வளையம் அவளுக்குப் பழக்கம்தான். தினமும் எட்டு மணி நேரம், முகம் தெரியாத மனிதர்கள் அதைப் பற்றித்தான் போனில் அவளிடம் புலம்புவார்கள்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் நேற்று மாலை அப்பா இறந்துபோனார். அதன் மெத்தை அவர் உடம்புக்குத் தகுந்தபடி ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை முறை நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அது அவளை இடப்பக்கமே சாய்த்தது. கதவுக்கு அந்தப் புறம், கூடத்தில், வாடகைக்கு எடுத்த குளிர்ப்பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். பெட்டியின் உறுமல் சுவருக்குள் புகுந்து, மேசைக்கு வந்து, மேசையிலிருந்து அவள் முழங்கைக்கு ஏறியது.

"சித்தப்பா கேட்டுட்டே இருக்காரு," என்றாள் அம்மா.

"பாத்துட்டுதாம்மா இருக்கேன்."

"கோவிச்சுக்காத. நான் நேத்தே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

காலையில் பத்து மணிக்குத்தான் அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அதைச் சொன்னாள். நாலு வருஷமாக அப்பா அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறார். போனில் இல்லை. மெயிலில்.

ஆறு வருடங்களுக்கு முன், மின்வாரியத்தில் அப்பா நாலு பேர் வாசலில் நின்று வாங்கிக்கொடுத்த வேலையை மூன்றே மாதத்தில் உதறிவிட்டு அண்ணன் கிளம்பியபோது, தெருவே கேட்கும்படி அப்பா சொன்னார்: "நான் செத்தாகூட இந்த வாசப்படிய மிதிக்காத." அண்ணனும் மிதிக்கவில்லை. அவன் போன் நம்பர் மாறியது. பழைய நண்பர்களும் ஒவ்வொருவராக எங்கெங்கோ போய்விட்டார்கள். வீட்டில் அவன் பேச்சு வந்தால் அப்பா எழுந்துபோய் வாசலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் படித்தவர் அவர். மனிதர்களைவிட மீட்டர்களிடம் அவருக்குக் கூச்சம் குறைவு.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னாரு. ஊரக் கூட்டிச் சொன்ன வார்த்தையாம். இப்ப நீ தெரிஞ்சுக்கிட்டா சிரிப்பியாம்."

அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு ராத்திரிப் பயண தூரம் என்று மட்டும் தெரியும். அவன் முகவரி என்று ஒன்று இந்த உலகத்தில் இருந்தால், அது இந்த மேசைமேல், இந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால்தான் இருந்தது.

சித்தப்பா அறைக்குள் தலையை நீட்டினார். அப்பாவின் தம்பி. கல்யாணமோ சாவோ, குடும்பத்தில் வண்டி பேசுவது எப்போதும் அவர்தான். கையில் போனும், காதில் ஒரு பேனாவும்.

"பாப்பா, வண்டிக்காரன் கறாரா சொல்லிட்டான். இன்னைக்கு நாலு மணியா, நாளைக்குக் காலைலயான்னு ரெண்டு மணிக்குள்ள சொல்லணுமாம். பெரியவன் வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கு மாத்திடுறேன். பெட்டியும் ஒரு நாள் கூட இருக்கட்டும். ஆனா வருவானோ மாட்டானோன்னு அண்ணனப் போட்டு வெச்சிருக்க முடியாது. எனக்கு மனசு கேக்கல."

"ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடலாம் சித்தப்பா."

சொல்லும்போதே அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரல். சீராக, கொஞ்சம் சிரிப்பு கலந்து, யாரையும் தொடாத குரல்.

சித்தப்பா அதை நம்பிவிட்டுப் போனார். அதுதான் அந்தக் குரலின் வேலை.

அவள் முதலில் இணைய ஒயரைப் பிடுங்கினாள். ஏதாவது போகப் பார்த்தோ வரப் பார்த்தோ அடைத்துக்கொண்டிருந்தால், ஒயரைப் பிடுங்கினால் விட்டுவிடும். விடவில்லை. திறந்தது, "கோப்பு சரிபார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி காட்டியது, வெளுத்தது. துணைக் கருவிகள் எதுவும் இல்லாமல் வெறுமனே திறக்கிற வழி ஒன்று உண்டு. அதையும் செய்தாள். அதே வரி, அதே வெளுப்பு.

அப்போதுதான் விளங்கியது. அப்பாவின் பதினேழு வருட மெயிலும் ஒரே கோப்பில் இருந்தது. மூட்டைபோல. அது நடுவில் எங்கோ கிழிந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அணைத்தால் அப்படிக் கிழியும். ஒரு தடவை அணைத்தால் ஒன்றும் ஆகாது. மூன்று வாரம், தினமும் இரண்டு மூன்று தடவை அணைத்தால்?

*ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா.*

வேறு வழியாக உள்ளே போகலாமென்றால் கடவுச்சொல் வேண்டும். மேசை இழுப்பறையில் தேடினாள். பழைய மின் அட்டைகள், ரப்பர் வளையங்கள், அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த கேமரா, அதன் ஒயர், மூடி கழன்ற பேனாக்கள். கடவுச்சொல் இல்லை. தலைவலி வந்த தேதியைக்கூட எழுதி வைக்கிற மனிதர், "அத மட்டும் எங்கயும் எழுதி வைக்காதீங்கப்பா" என்று அவள் ஒருமுறை சொன்னதற்காக அதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

இழுப்பறையின் அடியில் நீள வாக்கில் ஒரு நோட்டு இருந்தது. மீட்டர் படிக்கப் போகும்போது கொண்டுபோகும் குறுகலான நோட்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒன்று மிச்சம் வைத்திருந்திருக்கிறார். அவர் கையால் கோடு போட்ட மூன்று பத்திகள். திறந்த நேரம். நின்ற நேரம். குறிப்பு.

*காலை 9.10 — 9.14. வளையம் சுற்றுகிறது.*

*மாலை 4.05 — 4.06. வெள்ளை.*

*காலை 9.00 — 9.01. மகளிடம் சொன்னேன். ஆஃப், ஆன் செய்தேன். பலன் இல்லை.*

*காலை 11.30 — 11.31. மகளிடம் சொல்லவில்லை. வேலையில் இருப்பாள்.*

பக்கம் பக்கமாக இருந்தது. ரீடிங் எடுக்கிற கையெழுத்து. எண்கள் மட்டும் அச்சுபோல இருக்கும். கடைசி வரி நேற்றுத் தேதி, வெள்ளிக்கிழமை. திறந்த நேரம், மாலை 4.20. அடுத்த பத்தி காலியாக இருந்தது.

நோட்டை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கிழிந்த கோப்பைத் தைக்க ஒரு கருவி உண்டு. இதே கணினியில் எங்கோ ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தாள். ஆனால் அந்தக் கருவி கண்மூடித்தனமானது. தனக்குப் புரியாததையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். அதனால் முதலில் நகல் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. நகல் எடுக்காமல் கை வைத்த ஒருவர் போன வருடம் அவளிடம் போனில் அழுதார். போனவை அவருடைய மனைவியின் கடிதங்கள். அவள் விதிப்படி, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். இரண்டு தடவை.

நகலெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தாள். *ஒரு மணி ஐம்பது நிமிடம்.* பழைய வட்டு, நொண்டிக்கொண்டுதான் படிக்கும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

நகல் எடுக்காமல் நேராகத் தைத்தால் இரண்டுக்குள் முடிந்துவிடலாம். அல்லது எல்லாம் போய்விடலாம். அப்பாவும், அண்ணன் முகவரியும், பதினேழு வருடமும்.

சுட்டியின்மேல் அவள் விரல் நின்றது. கீழே இருந்த பிளாஸ்டிக், அப்பாவின் விரல் தேய்ந்து தேய்ந்து பளபளப்பாக இருந்தது. மூன்று வாரம் அக்கறையே இல்லாமல் இருந்த அவளுக்கு அந்த நிமிடத்தில் பெரிய அக்கறை வந்தது.

நகல் எடுக்கும் பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தில் வந்தவர்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் நிறுத்தினாள்.

"நாலரைக்கு எட்டிப் பாத்தேன். மவுஸ் மேல கை, பார்வை திரைல. சரி, இன்னைக்கும் நின்னுடுச்சு போலன்னு நெனச்சேன். அது நின்னா இவரும் அசையமாட்டாரு. தொட்டா கெட்டுடும்னு பொண்ணு சொல்லியிருக்கா, பத்து நிமிஷம் சும்மா இருன்னு. அப்படியே சாமி மாதிரி ஒக்காந்திருப்பாரு. அஞ்சு மணிக்கு டீ கொண்டாந்து வெச்சேன். 'கட்டின பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா'ன்னு கேட்டேன். வழக்கமா சிரிப்பாரு. சிரிக்கல. ரொம்பக் கடுப்புல இருக்காருன்னு விட்டுட்டேன். ஆறரைக்கு வெளக்கு போடப் போறேன், டீ அப்படியே ஆடை கட்டிக் கெடக்குது."

ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். யாரோ அம்மாவின் முதுகைத் தடவினார்கள். "நோகாத சாவு," என்றார் ஒருவர். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நோகாத சாவு, நோகாத சாவு. கூடத்தைச் சுற்றி அது ஒரு தட்டுபோலக் கைமாறியது.

நகல் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கூடத்துக்கு வந்து குளிர்ப்பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். கண்ணாடிக்கு உள்ளே அப்பாவின் முகம் யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்பதுபோல இருந்தது. அவள் போனில் பேசும்போது இந்த முனையில் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்குமோ?

பக்கத்து வீட்டுத் தையல்காரர் நாற்காலிகளை இறக்கிவிட்டு அவளிடம் வந்தார். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுக்க மறந்திருந்தார். அவருடைய மெஷின் இருக்கும் ஜன்னலும் அப்பாவின் ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான்.

"ஒரு விஷயம் கேக்கணும்மா. சார் ஏன் அந்தக் கம்ப்யூட்டரப் போட்டோ புடிச்சுக்கிட்டே இருந்தாரு?"

"போட்டோவா?"

"ஆமா, கேமரால. தினம் புடிப்பாரு. பளிச் பளிச்சுனு வெளிச்சம் வரும், எனக்கு ஊசி கோக்கறதே தப்பிப்போகும். 'சார், அதுக்கு என்ன கல்யாணமா, இத்தன போட்டோ புடிக்கிறீங்க'ன்னு ஜன்னல் வழியா கேட்டேன். 'என் பொண்ணு கேட்டிருக்கா'ன்னாரு." தையல்காரர் சிரித்தார். "நீங்க பெரிய கம்பெனில அதப் பாக்குற வேலைன்னு வேற சொன்னாரு. அந்தப் பெருமைக்குக் கொறச்சல் இல்ல."



அலுவலகத்தில் அவர்கள் முன்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். என்ன சொன்னால் என்ன பதில் என்று. அதன் கடைசி வரி: *சிக்கல் வரும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து எங்களுக்கு மெயில் செய்யுங்கள், பார்க்கிறோம்.* அந்த வரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் தாலாட்டு. அதைச் சொன்னதும் எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரும் அடங்கிவிடுவார். தனக்கும் ஒரு வேலை கொடுத்தார்களே என்று வைத்துவிடுவார். பாதிப் பேர் படமே அனுப்புவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக, அப்பாவுக்கும் அவள் அந்தத் தாலாட்டைப் பாடினாள்.

"நேத்துகூட பாத்தேம்மா," என்றார் தையல்காரர். குரல் இறங்கியிருந்தது. "அஞ்சேகால் இருக்கும். கை ஆட்டினேன். சார் பதிலுக்கு ஆட்டல. பிஸின்னு நெனச்சேன்."

அவர் அளவு நாடாவைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

நகல் பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. தைக்கும் கருவியை ஓடவிட்டாள். *எட்டு கட்டங்களில் முதல் கட்டம்* என்றது. பட்டை ஒரு நூல் நகர்ந்தது. அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பட்டையைப் பார்த்தார்கள். சமையலறையில் யாரோ பாத்திரம் விளக்கினார்கள்.

"ரெண்டு பேரும் என்னம்மா எழுதிப்பாங்க?"

"என்னத்த எழுதுவாங்க. இங்க மழை, அங்க வெயில். நம்ம தெருவுல மீட்டரெல்லாம் மாத்திட்டாங்கன்னு ஒரு தடவ எழுதினாரு. அதுக்கு அவன் ஒரு பக்கம் பதில் போட்டிருந்தான். எனக்குப் படிச்சுக் காட்டினாரு. மீட்டரப் பத்தி ஒரு பக்கம்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சாப்டியான்னு ஒரு வார்த்தை இல்ல. அவனும் கேக்கல. அப்பனுக்குப் புள்ள."

"வரச் சொல்லி எழுதலயா?"

"வரச் சொன்னா, சொன்ன சொல்லு என்ன ஆகுறது? அதையேதான் நானும் கேட்டேன். 'சொல்லுவேன், சொல்லுவேன், இது சரியாகட்டும்'னாரு."

"எது?"

அம்மா தாடையால் கணினியைக் காட்டினாள்.

ஒன்றரைக்கு இரண்டாவது கட்டம் முடிந்தது. இரண்டு அடிக்க ஏழு நிமிடத்தில் மூன்றாவது தொடங்கியது. சித்தப்பா அறை வாசலில் வந்து நின்றார். காதிலிருந்த பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் நேரம்," என்றாள் அம்மா.

"அண்ணி."

"அரை மணி. அரை மணி சொல்லுங்களேன் அவங்கிட்ட."

"எத்தன மணிக்கு முடியும் பாப்பா? நெஜமா சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அந்தக் குரல் தயாராக இருந்தது, சிரிப்போடு. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியல சித்தப்பா."

அவர் தலையாட்டினார். வராந்தாவுக்குப் போய்ப் பேசியது கேட்டது. "ஆமாப்பா. நாலு மணி. இன்னைக்கேதான்."

அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள். அவள் மட்டும் பட்டையையே பார்த்தபடி இருந்தாள். எதையும் தொடவில்லை. தொட்டால் கெட்டுவிடும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! காத்திருப்பது எப்படியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இடுப்பு நோகும், கண் எரியும், பிறகு எதுவும் இருக்காது. அறை மெல்லத் தூரமாகப் போகும். எதிர் ஜன்னலில் யாராவது கையாட்டினால்கூடத் தெரியாது.

நாலாவது. ஐந்தாவது. கடைசி மூன்றும் மளமளவென்று ஓடின. எதற்காக அவ்வளவு நேரம் இழுத்தடித்தது என்று கேட்டால் அதற்கே தெரியாது போல. மூன்று நாற்பதுக்கு, *சரிசெய்யப்பட்டது* என்றது. அவ்வளவுதான். வேறு எந்த வார்த்தையும் இல்லை.

இணைய ஒயரைச் செருகாமல் மெயிலைத் திறந்தாள். திறந்தது. வெளுக்கவில்லை. இடப்பக்கம் பெட்டிகளின் வரிசை வந்தது. வந்தவை, போனவை, குப்பை. அனுப்பக் காத்திருப்பவை என்பதற்குப் பக்கத்தில் மட்டும் ஓர் எண் இருந்தது. ஒன்று.

அது அவளுக்கு எழுதப்பட்டது. தலைப்பு: நீ கேட்ட படங்கள்.

*நீ சொன்னபடி நிற்கும்போதெல்லாம் எடுத்தேன். தேதி வரிசையில் இருக்கிறது. மொத்தம் 43. தனித்தனியாக அனுப்பினால் உனக்குத் தொந்தரவு என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அவசரமில்லை. வேலை இல்லாதபோது பார்.*

எழுதத் தொடங்கிய தேதி மூன்று வாரம் பழையது. அனுப்பப் பார்த்திருக்கிறார், நின்றிருக்கிறது. அதையும் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார், மறுபடி அனுப்பியிருக்கிறார், மறுபடி நின்றிருக்கிறது. ஒவ்வொரு படமும் ஒரு செங்கல் கனம். திறக்கும்போதெல்லாம் அந்த வண்டி மூட்டையைத் தூக்கப் பார்த்துத் தூக்கப் பார்த்துத்தான் மெயில் மூச்சுமுட்டி நின்றிருக்கிறது. முதல் தடவை நின்றதற்கு வேறு ஏதோ சின்னக் காரணம் இருந்திருக்கலாம். அதற்குப் பின் நின்றதெல்லாம் இதனால்தான்.

ஒரு படத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரை. அதன் கண்ணாடியில் கேமராவின் பளிச்சென்ற வெளிச்சம் பூப்போல விரிந்திருந்தது. வெளிச்சத்துக்கு மேலே, மங்கலாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் கவனமாகப் பார்க்கிற அப்பா. அடுத்த படம். வெள்ளை, வெளிச்சம், அப்பா. இப்போது நீலச் சட்டை. அடுத்தது. சவரம் செய்யாத அப்பா. அடுத்தது. பின்னால் கதவருகில் அம்மாவின் புடவையில் ஒரு துண்டு.

வாசலில் வண்டி பின்பக்கமாக நுழையும் சத்தம் கேட்டது. யாரோ, "வரட்டும், வரட்டும், போதும்," என்றார்கள்.

அவள் அந்தக் கடிதத்தைப் பிடித்து இழுத்து, வேறொரு பெட்டியில் மெதுவாக இறக்கினாள். அனுப்பக் காத்திருப்பவை காலியானது. இணைய ஒயரைச் செருகினாள்.

உடனே வரத் தொடங்கின. ஒரு கடை விளம்பரம். மின்வாரியத்தின் ஓய்வூதியர் சங்க அறிவிப்பு. பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பெயர் ஆறு தடவை. அப்பா அந்தப் பெயரை முகவரிப் புத்தகத்தில் *பெரியவன்* என்று சேமித்து வைத்திருந்தார்.

"அம்மா."

அம்மா வந்தாள். ஈர முகம். பின்னாலேயே சித்தப்பா.

"பாப்பா, வா. எல்லாரும் நிக்கிறாங்க."

"அவன் எழுதியிருக்கானா?" என்றாள் அம்மா. "படி."

"அண்ணி, அப்புறமா…"

"படின்றேன்ல."

அவள் முதலாவதைத் திறந்து சத்தமாகப் படித்தாள். தன் குரல் எந்தத் தாளிலும் இல்லாத குரலாக இருந்தது.

"'அப்பா, மெயில் நின்னு நின்னு போகுதுன்னு எழுதியிருந்தீங்க. அனுப்ப வேண்டிய பெட்டில பெரிய சாமான் ஏதாவது மாட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா நீக்கிடுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க, கோப்பு கெட்டுடும்.'"

சித்தப்பாவுக்கு அது ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. அவள் அடுத்ததற்குப் போனாள்.

"'பாத்தீங்களா? பதில் இல்ல.'"

மூன்றாவதில் ஒரு படம் இருந்தது. எங்கே அழுத்த வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, எண்ணிட்டு. அதைச் செய்ய ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். நான்காவது: "'நான் எழுதுறதே உங்களுக்கு வராதுன்னு இப்பத்தான் தோணுது. மெயில் நின்னதுக்கு மெயில்லயே மருந்து அனுப்புறேன். என்னைச் சொல்லணும்.'"

அம்மாவிடமிருந்து சிரிப்புபோல ஒன்று வந்து பாதியில் நின்றது.

ஐந்தாவது ஒரே வார்த்தை. "'அப்பா?'"

கூடத்தில் குளிர்ப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்கள். நேற்றிலிருந்து வீட்டின் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று இல்லாமல் போனது. ஜன்னல் வழியாக வாசல் மீட்டர் தெரிந்தது. நேற்றிரவிலிருந்து படபடவென்று துடித்துக்கொண்டிருந்த அதன் சிவப்புப் புள்ளி, இப்போது ஒரு தடவை மின்னிவிட்டு அடுத்ததற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டது.

ஆறாவது முந்தாநாள், வியாழக்கிழமை வந்திருந்தது.

"'சனிக்கிழமை எனக்கு லீவு. வெள்ளி ராத்திரி கிளம்பினா சனி காலைல அங்க இருப்பேன். வீட்டுக்குள்ள வரல. சொன்னது ஞாபகம் இருக்கு. கம்ப்யூட்டர் டப்பாவ மட்டும் நீங்க எடுத்துட்டு வந்தா பக்கத்துத் தையல் கடைல வெச்சு அரை மணில சரி பண்ணிட்டு, அப்படியே திரும்பிடுறேன். வரட்டுமா? இது எப்படியாவது கிடைச்சா ஒரே ஒரு வரி போடுங்கப்பா.'"

சித்தப்பா சுவரைப் பார்த்தார். கூடத்தில், "தலைப்பக்கம் ரெண்டு பேர், கால்பக்கம் ரெண்டு பேர்," என்று யாரோ தாழ்ந்த குரலில் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பதில் எழுதும் இடத்தைத் திறந்தாள். மேலே அனுப்புநர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. கீழே வெள்ளை. அதில் ஒரு சிறு கோடு மின்னி மின்னி மறைந்தது.

அம்மா குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு அவள் தோளில் கை வைத்தாள். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"செத்ததப் போடாத," என்றாள். "அவரு எழுதுற மாதிரியே எழுது. வான்னு."